அம்பாசமுத்திரத்தில் ஒத்துப் பிடித்தேன்

1996, ஆவணி. காலை ஏழே முக்காலுக்குத் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கினேன். மலேசியாவில் ஈப்போ எனக்கு ஊர், ஜாஸ் சாக்ஸபோன் தொழில். இங்கே கச்சேரி எதுவும் இல்லை. கல்லிடைக்குறிச்சி நாகஸ்வரக்காரர் சுப்பையாவுக்கு நேரில் நன்றி சொல்லியே தீருவது என்று வந்திருந்தேன்.

இரண்டு வருடம் முன்பு ஜெர்மனியில் பிரேமன் நகரத்து இசைவிழா. என் குழுவினர் வந்த வேன் பாதி வழியில் நின்றுவிட்டது. மேடையில் நான் ஒற்றை ஆளாக முழித்துக்கொண்டிருந்தேன். அடுத்து வாசிக்கவேண்டிய சுப்பையா, யாரும் கேட்காமலே, தன் ஒத்துக்காரருக்கும் காத்திராமல், தானே ஒத்தை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்து உட்கார்ந்தார். ஒத்து என்பது ஒரே சுருதியை விடாமல் ஊதுகிற நீளக் குழல். அவருடைய தவில்காரர் இசக்கியும் சேர்ந்துகொண்டார். நாற்பது நிமிடம் வாசித்தேன். மானம் தப்பியது.

ஜங்ஷனுக்கு இசக்கிதான் வந்திருந்தார். கல்லிடைக்குறிச்சிக்குப் பஸ்ஸில் டிக்கெட் ஐந்தரை ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். சேரன்மகாதேவி தாண்டியதும் அவர் சொன்னார்: "எங்க அண்ணாச்சி ஒத்து புடிச்சு நான் பாத்ததே இல்ல சார். நாயனக்காரங்க அதத் தொடமாட்டாங்க, கத்துக்கிடுத பையங்க வேல அது. அங்கன உங்களுக்காவத்தான் புடிச்சாரு."

எனக்கு இது தெரியாது. ஏதோ கூடமாட உதவினார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

பத்து மணிக்கு வீட்டை அடைந்தபோது சுப்பையா கவலையில் இருந்தார். மறுநாள் காலை ஆற்றுக்கு அக்கரையில் அம்பாசமுத்திரத்தில் கல்யாணம். ஒத்துக்காரருக்குப் பல்வலி, கன்னம் வீங்கிக் கிடந்தார்.

"சாக்ஸபோனில் நான் சுருதி பிடிக்கிறேன்" என்றேன்.

"நீங்க விருந்தாளி சார். சுருதிப்பெட்டி இருக்கு, பாத்துக்கிடுதேன்."

"பெட்டி வேண்டாம். நான்தான் பிடிப்பேன்."

சாயங்காலம்வரை மறுத்துப் பார்த்தார். நானும் விடவில்லை.

மறுநாள் ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். கன்னத்தில் காற்றைத் தேக்கி, அது தீருமுன் மூக்கால் மூச்சை இழுத்து, சத்தம் அறாமல் ஊதவேண்டும். அரை மணியில் தாடை கடுத்தது. ஒரு மணியில் உதட்டில் உப்புக் கரித்தது. எட்டேகாலுக்குப் பெண்ணின் அப்பா, ரிட்டயர்டு தாசில்தார், வேட்டியை ஒதுக்கிக்கொண்டு வந்தார்.

"ஏன்வே சுப்பையா, வெளிநாட்டு வித்வான ஒத்து ஊத விட்டிருக்கீரு? நீரு கொஞ்சம் நிறுத்தும். அவரு ஒரு சினிமாப் பாட்டு வாசிக்கட்டும்."

சுப்பையா நாயனத்தை வாயிலிருந்து எடுத்தார். அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தேன். நான் விட்டிருந்தால் வாசிப்பை அதோடு நிறுத்தியும் இருப்பார். நான் ஊதிக்கொண்டே தலையை ஆட்டி மறுத்தேன். எனக்குத் தமிழ் புரியவில்லை என்று நினைத்துத் தாசில்தார் கையால் ஜாடை காட்டினார். மறுபடி ஆட்டினேன். அவர் நகரவில்லை. உட்கார்ந்தபடியே சுப்பையா பக்கம் திரும்பி, தாசில்தாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதே சுருதியை ஊதினேன். இசக்கி தவிலில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். சுப்பையா நாயனத்தை மறுபடி வாயில் வைத்தார். அப்படி ஒரு தோடியை நான் எந்த நாட்டிலும் கேட்டதில்லை.

தாலி கட்டி முடிந்து ஒன்பதரைக்குத்தான் வாயை எடுத்தேன். பந்தியில் ரசம் பட்டு உதடு எரிந்தது. யாரும் என்னைப் பாராட்டவில்லை. தாசில்தார் என் பக்கமே திரும்பவில்லை.

சாயங்காலம் ஜங்ஷனுக்குச் சுப்பையாவே வந்தார். ரயில் கிளம்பும் நேரம், நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"மூணாவது கீர்த்தனையில சுருதி இறங்கிட்டு. கவனிச்சீரா வே?"

அதுவரை என்னை 'சார்' என்றே அழைத்தவர், இப்போது தங்கள் ஆளைக் கூப்பிடுவதுபோல 'வே' என்றார்.

"கவனிச்சேன்."

"அடுத்த தடவ இறங்கப்படாது."

ஈப்போவில் நான் எப்படி வாசித்தாலும் கைதட்டுகிறார்கள். சுருதி இறங்கியது என்று சொல்ல அங்கே ஒருவரும் கிடையாது. நன்றியை விட்டுவிட்டு, "இறங்காது" என்றேன்.