பக்கத்து வீட்டுக் கதவு

வார நாட்களில் நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். தமிழில் சாட்சி சொல்பவர்களின் வார்த்தைகளை மலாய் மொழியில் நீதிபதிக்குச் சொல்வது என் வேலை. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. "கை நீட்டினாரு" என்று ஒரு பெண் சொன்னால், அது அறையா, குத்தா, பிடித்துத் தள்ளியதா என்று நானாக முடிவு செய்ய முடியாது. வழக்கறிஞர் கேட்க வேண்டும், அவள் சொல்ல வேண்டும். அதுவரை நானும் "கை நீட்டினார்" என்பதோடு நிற்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் வேறு வேலை. ஜார்ஜ்டவுனில் ஒரு கோப்பிக்கடைக்கு மேலே, மேசை விளையாட்டுகளுக்கென்றே வாடகைக்கு விடும் அறை ஒன்றில் நான் கதை நடத்துகிறேன். நான் ஓர் ஊரைச் சொல்வேன், அதில் நடப்பதைச் சொல்வேன். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அந்த ஆள் என்ன செய்வான், என்ன பேசுவான் என்று சொல்வார்கள். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருளும். இதை நான் நன்றாகவே செய்வேன். அடக்கத்துக்காக அதை மறைத்துப் பேசத் தெரியவில்லை.

என் மேசையில் மூன்று பேர். அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் தாதி ஒருவர், என்னைவிட மூத்தவர், நான் அக்கா என்பேன். அவர் திருடியாக ஆடினார். "இங்கயும் வந்து யாருக்காச்சும் கட்டுப் போடச் சொல்லாதீங்க" என்பது அவர் போட்ட முதல் நிபந்தனை. இரண்டாமவர் ஆசிரியர். பூசை முடிந்து தேவாலயத்திலிருந்து நேராக வருவார். ஓய்வுபெற்ற சிப்பாய் அவருடைய பாத்திரம். மூன்றாவது, புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் தம்பி. அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி வருவான். அவனுக்குப் பெரிய வாள் தூக்கிய கூலிப்படை வீரன். எந்தக் கதவையும் தட்ட மாட்டான், உதைத்துத்தான் திறப்பான்.

முதல் நாளே நான் ஒன்றைப் பேசி முடித்துவிடுவேன். இது பெரியவர்களுக்கான கதை, சாவு வரும், துரோகம் வரும், மனிதர்கள் ஒருவரை ஒருவர் வதைப்பதும் வரும். எது வரவே கூடாது என்று இப்போதே சொல்லுங்கள், எல்லார் முன்னாலும் சொல்லப் பிடிக்காவிட்டால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள் என்பேன். தாதி அக்கா குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றார். வார்டில் பார்ப்பது போதுமாம். ஆசிரியர் பெண்ணைக் கெடுக்கும் காட்சி வேண்டாம் என்றார். தம்பி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "எனக்கு எல்லாம் ஓகேலா அக்கா" என்றான்.

பிறகு கோப்பிக்கடையில் வாங்கிய ஒரு சிவப்புச் சாசரை மேசை நடுவில் வைத்தேன். கதை போகிற போக்கில் யாருக்காவது தாங்கவில்லையென்றால் அதன்மேல் கை வைத்தால் போதும். அந்தக் காட்சி அங்கேயே முடிந்தது. ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது.

ஆசிரியருக்கு இது சரிப்படவில்லை. கஷ்டமான இடம் வரும்போதெல்லாம் கையை வைத்துவிட்டால் கதையில் என்ன மிஞ்சும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நீதிமன்றத்தில் கண்டதைச் சொன்னேன். நடுவில் ஓய்வு கேட்கலாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்த சாட்சிகள் பெரும்பாலும் ஓய்வு கேட்பதில்லை. கேட்க வழியில்லை என்று நினைப்பவர்கள்தான் பாதியில் வாயடைத்துப் போகிறார்கள். அவர் அரை மனதாகத் தலையாட்டினார்.

கதை ஒரு துறைமுக ஊரில் நடந்தது. கலங்கரை விளக்கு சில நாட்களாக எரியவில்லை, கப்பல்கள் பாறையில் மோதுகின்றன. காரணம் தேடி மூவரும் விளக்குக் காவலனின் வீட்டுக்கு வந்தார்கள். அவன் குடிகாரன் என்று நான் முன்பே முடிவு செய்திருந்தேன். அவர்கள் வாசலில் நிற்கும்போது, உள்ளே கேட்பதை மட்டும் சொன்னேன். ஒரு தட்டு விழுந்து உருள்கிறது. ஒரு பெண் தாழ்ந்த குரலில் எதையோ கேட்டுக் கெஞ்சுகிறாள். உள்பக்கம் தாழ்ப்பாள் விழுகிறது.

தம்பியின் முறை. கதவை உதைப்பான் என்று எல்லாரும் அவனைப் பார்த்தோம். அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கை மட்டும் நீண்டு சாசரின்மேல் படிந்தது. படிந்த கை எழவில்லை.

"சரி, அந்த வீட்ட விட்டு வந்துட்டோம்" என்றேன். "மறுநாள் காலை. மீன் சந்தை. நல்ல வெயில்."

ஆசிரியர் அவன் பக்கம் திரும்பி, "என்ன தம்பி, எதுனாச்சும்..." என்று தொடங்கினார்.

"சார், கேக்க வேணாம்" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. எழுந்து கீழே போய் எல்லாருக்கும் பால் இல்லாத கோப்பி ஓ சொல்லிவிட்டு வந்தார். அதற்குள் தாதி அக்காவின் திருடி மீன் சந்தையில் ஒரு முழு வஞ்சிர மீனைச் சட்டைக்குள் ஒளித்து, வால் வெளியே தெரிய மாட்டிக்கொண்டாள். தம்பி சிரித்தான். கையை எடுத்துக்கொண்டான். அன்றைய ஆட்டம் சந்தையிலேயே முடிந்தது.

விளக்குக் காவலனின் வீட்டைக் கதையிலிருந்தே எடுத்துவிடலாம் என்றிருந்தேன். விளக்கு எரியாததற்கு வேறு காரணமா கிடைக்காது? வாரத்தின் நடுவில், சாப்பாட்டு நேரத்தில் தம்பி போன் செய்தான். பின்னால் தொழிற்சாலைச் சத்தம்.

"அந்த வீட்ட எடுத்துராதீங்க அக்கா" என்றான். அந்த வீடு இருக்கட்டும், ஆனால் உள்ளே போக வேண்டாம், தாழ்ப்பாள் சத்தம் வேண்டாம் என்றான். "பக்கத்து வீட்டுல ஒரு ஆள் இருக்கட்டும். ஒரு பாட்டி மாதிரி. அவங்கள நான் ஆடுறேன்."

அந்தப் பாட்டி என்ன செய்வாள் என்று கேட்டேன்.

"கதவத் தொறப்பாங்க. அவ்ளோதான்."

மற்ற இருவரிடமும் எது வரும், எது வராது என்பதை மட்டும் சொன்னேன். அடி காட்டப்படாது, வீட்டுக்குள் போகமாட்டோம், குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகாது. யார் கேட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு தம்பி தன் பாத்திரத்துக்கான வாள்வீரன் பொம்மையை ஓரமாக வைத்தான். கருவாடு விற்கும் பாட்டியாக உட்கார்ந்தான். தாதி அக்கா, "அந்தப் பொம்பளையா நான் வரவா?" என்று கேட்டார். எனக்கு அதைவிட நல்ல யோசனை தோன்றவில்லை.

கதவு தட்டப்படுகிறது என்றேன்.

"யாருன்னு கேக்க மாட்டேன்" என்றான் தம்பி. "தொறக்குறேன்."

அக்கா கையில் பெண் குழந்தையோடு நிற்பவளாக மாறினார். இப்படி வந்து நிற்கும் பெண்களை அவருக்குத் தெரியும். அழவில்லை. கொஞ்ச நேரம் மட்டும் இருந்துவிட்டுப் போய்விடுகிறேன், அவர் தூங்கியதும் போய்விடுவேன் என்று கூச்சத்தோடு சொன்னார். தம்பி பாட்டியின் குரலில், போக வேண்டாம், சோறு இருக்கிறது என்றான்.

பிறகு நான் கணவனாக வந்தேன். கத்தவில்லை. கத்துகிறவர்களை நீதிமன்றத்தில் நான் அதிகம் கண்டதில்லை, அங்கே எல்லாரும் மரியாதையாகத்தான் பேசுவார்கள். அந்தக் குரலை எடுத்துக்கொண்டேன். வாசலில் நின்று, "இது எங்க குடும்ப விஷயம், அம்மா. நீங்க தலையிடாதீங்க" என்றேன்.

தம்பி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். சாசர் அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதை அவன் பார்க்கவில்லை.

"சத்தம் இங்க வரைக்கும் கேக்குது" என்றான். "அப்ப என் விஷயமுந்தான்."

ஆசிரியரின் சிப்பாய் வந்து பாட்டியின் வாசற்படியில் உட்கார்ந்தார். ஆசிரியர் பழக்கத்தில் பகடையை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். கணவன் பின்வாங்குவானா என்று உருட்டிப் பார்க்க வேண்டுமே.

"இதுக்குப் பகடை வேணாம் சார்" என்றேன். இந்த ஊரில் எதை அதிர்ஷ்டத்துக்கு விடுவது, எதை விடக்கூடாது என்பது என் கையில் இருக்கிறது. நான் விடவில்லை. கணவன் திரும்பிப் போனான். ஆசிரியர் பகடையைக் கீழே வைத்துவிட்டு, சரிதான் என்றார், இந்த முறை முழு மனதோடு.

விளக்கை யார் ஏற்றுவது என்ற கேள்வி மிச்சமிருந்தது. அதைத் தாதி அக்காவே தீர்த்தார். இத்தனை வருடமும் அவன் குடித்துக் கிடந்தபோது விளக்கை ஏற்றியவள் நான்தான், கொஞ்ச நாளாகத்தான் அவன் ஏற்றவிடவில்லை என்றார், அந்தப் பெண்ணின் குரலில். நான் அப்படி எழுதவில்லை. ஆனாலும் அது உண்மையாகிவிட்டது. அவளே ஊரின் விளக்குக் காவலர் ஆனாள்.

ஆட்டம் முடிந்து படியிறங்கும்போது தம்பி என் பின்னால் வந்தான். எந்தக் கதையும் கேட்கக்கூடாது என்று நான் எனக்குள் உறுதியாக இருந்தேன். பக்கத்து வீட்டில் யாரும் கதவைத் திறக்காத ஒரு வீட்டிலிருந்து வந்தவன் என்று நானாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

"எங்களுக்கு ஒருத்தவங்க தொறந்தாங்க அக்கா" என்றான். "அம்மாவுக்கும் எனக்கும். இன்னும் அங்கதான் இருக்காங்க, எங்க ரோட்டுலயே. அவங்களா ஒரு தடவ இருந்து பாக்கணும்னு இருந்திச்சி."

நல்லா இருந்தாங்க என்றேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஃபெரிக்குப் போனான்.

சில வாரம் கழித்து ஒரு டப்பா முறுக்கோடு வந்தான். அவனுக்கும் அம்மாவுக்கும் கதவு திறந்த பாட்டி கொடுத்துவிட்டார்களாம். தன்னை ஒரு விளையாட்டில் பாத்திரமாக்கி ஆடினான் என்று கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம், பிறகு ஒரு கேள்வி கேட்டார்களாம்.

"கதையில நான் என்ன சேல கட்டியிருந்தேன்னு கேக்குறாங்க."

நான் சொல்லவே இல்லை. யாரும் யோசிக்கவும் இல்லை. அன்று ஆட்டம் தொடங்க வெகு நேரமானது. ஆசிரியர் வெள்ளை என்றார், தாதி அக்கா அவரை முறைத்துவிட்டு, கருவாடு விற்கிறவங்க வெள்ளையா கட்டுவாங்க என்று கேட்டார். கடைசியில் மாம்பழ மஞ்சள், பச்சைக் கரை என்று முடிவானது. தம்பி அங்கேயே போனை எடுத்துப் பாட்டிக்குச் சொன்னான்.