கால்வாசித் தலைவி

பன்னாட்டு அமைப்பு ஒன்றின் ஆவணப் பிரிவில் அந்த அம்மாள் ஆறு வருடம் தற்காலிகத் தலைவியாக இருந்தாள். பதவி நிரந்தரமானபோது விண்ணப்பித்தாள். "இந்த வேலையில் அனுபவம் போதாது" என்று பதில் வந்தது. வெளியிலிருந்து வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கோ, எந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறதென்றுகூடத் தெரியாது.

அமைப்பின் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டாள். நிர்வாகத்தின் சார்பில் பதில் எழுத வேண்டியவர் அந்தப் புதிய பிரிவுத் தலைவரேதான். அவர் தயங்கித் தயங்கி அவள் மேசைக்கு வந்தார்.

"மேடம், உங்க கேஸுக்கு நான்தான் பதில் எழுதணுமாம். எப்படின்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

"விடுங்க, நானே எழுதறேன்."

அரைகுறை வேலை அவளுக்கு ஆகாது. தனக்கு எதிராகத் தானே மூன்று நாள் உட்கார்ந்து பன்னிரண்டு பக்கம் எழுதினாள். முறைப்படி தேர்வுக் குழுவின் மதிப்பெண் தாளையும் இணைத்தாள். அதில் அவளுடைய மதிப்பெண்களைக் கூட்டவே மறந்திருந்தார்கள்.

அதனாலேயே அவள் ஜெயித்தாள். தேர்வு முறையற்றது என்றது தீர்ப்பு. ஆனால் புதியவரை நாற்காலியிலிருந்து எழுப்ப முடியாதாம். போட்டியிட்டவர்கள் நான்கு பேர் என்பதால் அவள் இழந்தது கால்வாசி வாய்ப்புதானாம். ஆகவே இழப்பீடும் கால்வாசி.

"அப்போ நீ கால்வாசித் தலைவியா?" என்று கணவர் சிரித்தார்.

"சிரிக்காதீங்க. பதில் அருமையா எழுதியிருக்காருன்னு அந்த ஆளைத் தீர்ப்புல பாராட்டியிருக்காங்க. எனக்கு அதுலதான் வயிறு எரியுது."

மறுநாள் அந்த ஒரு வரியை எதிர்த்து மேல்முறையீடு செய்தாள்.