வேற்றுக் கிரகமும் எங்கள் பங்குக் கிணறும்

போன மாதம் ஓர் இரவு எங்கள் தீவுக் கிராமமான நாரந்தனையில் உலகம் அழிந்தது. வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில்தான்... என்றாலும் எனக்கு நெஞ்சிடி இன்னும் அடங்கவில்லை.

பக்கத்து வீட்டு முற்றத்தில் டிவி வைத்து, ஜெனரேட்டர் பூட்டி, பாய் விரித்தாயிற்று. ஆங்கில விஞ்ஞானப் படம். ஏதோ ஒரு வேற்றுக் கிரகம். அங்குள்ளவர்கள் ராட்சத மெஷின் வைத்து நிலத்துக்குக் கீழே உள்ள தண்ணீரை உறிஞ்சுகிறார்கள். நல்ல தண்ணீர் தீரத் தீர, அடியிலிருந்து கடல் ஏறுகிறது!

இந்தக் கதையை நான் நாவலாகவே வாசித்தவன். சும்மா இருக்க முடியுமா? "புத்தகத்தில இப்பிடி இல்லை" என்று தொடங்கினேன். நாவலில் துவக்கு வெடிச் சத்தமே கிடையாது. ஒரு கிழவன் தினமும் ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்ப்பான். அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். அவ்வளவுதான் — வாசிக்கிறவனுக்கு முதுகு சில்லிட்டுவிடும். படத்திலோ கிழவனையே காணோம்! அவன் இடத்தில் பளபளவென்று ஒரு கதாநாயகன், நாலைந்து ராக்கெட், கடைசியில் கொட்டும் மழை... எல்லாம் சுபம்.

"அண்ணை, புத்தகம் வாசிச்சது உங்கட பிழை. எங்களைப் படம் பாக்க விடுங்கோ" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மறுநாள் காலை தேநீரில் ஒரு வாய் குடித்தேன். அந்தக் கிழவனின் முகம் எனக்கு வந்துவிட்டது.

"இஞ்சேரும், தண்ணியெல்லோ உவர்க்குது!"

"இப்பதான் தெரியுதோ?" என்றாள் மனைவி. "போன கிழமையே உவர்த்தது. சோத்துக்கு உப்புக் கூடிப்போச்செண்டு நீங்கள் என்னையெல்லோ பேசினனீங்கள்!"

எங்கள் தீவில் கிணறு என்றால், கீழே உப்புத் தண்ணீர், அதன்மேல் மழை விட்டுப்போன நல்ல தண்ணீர். எங்கள் ஒழுங்கையில் குடிக்கக்கூடியது இந்தப் பங்குக் கிணறு ஒன்றுதான். அக்கம்பக்கத்து வீடுகளும் இதில்தான் அள்ளுகின்றன. தோட்டத்துக்கு இறைக்கிற பங்கு எனக்கும் அடுத்த வளவுச் சிவசம்பு அண்ணைக்கும். ஒரு நாள் அவர் முறை, அடுத்த நாள் என் முறை, விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை.

அந்த முறை துலா மரத்தில் ஏறி மிதித்து இறைத்த காலத்தில் வகுத்தது. இப்போது இரண்டு பேரிடமும் வாட்டர் பம்ப். துலாவைக் கழற்றி எறிந்தோம். நேரத்தை மட்டும் தொடவில்லை! துலா மிதிக்கிறவன் களைத்தால் நிற்பான். பம்புக்கு ஏது களைப்பு?

ஆக, அந்த வேற்றுக் கிரகவாசிகள் யார்?

அன்று சிவசம்பு அண்ணையின் முறை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன்.

"அண்ணை, பம்பை நிப்பாட்டுங்கோ! கடல் ஏறுது!"

வெங்காயப் பாத்தியிலிருந்து அவர் நிமிரவே இல்லை. "எந்தக் கடல்? ராத்திரிப் படத்தில வந்ததோ?"

"குடிச்சுப் பாருங்கோ."

குடித்தார். "ஓம்... உவர்தான்." பிறகு கண்ணைச் சுருக்கினார். "நான் நிப்பாட்ட, நீர் உம்மட முறையில வடிவா இறைப்பீர். என்ன?"

"சீ! நானோ?" என்றேன். அதே சந்தேகம்தான் எனக்கும் அவர்மேல்.

கடைசியில் மழை வரும்வரை பம்பைத் தொடுவதில்லை, என் மிளகாய்க்கும் அவருடைய வெங்காயத்துக்கும் வாளிதான் என்று முடிவாயிற்று. நிம்மதி வந்ததா? எங்கே! எந்தச் சத்தம் கேட்டாலும் எனக்கு அது பம்ப். மினிபஸ் உறுமினாலும் சோற்றுக் கையோடு எழும்பி வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பேன்.

"இருந்து சாப்பிடுங்கோவன்! அந்த மனிசன் இறைக்காது" என்பாள் மனைவி.

நேற்றுப் பின்னேரம் தெளிவாகவே கேட்டது. டுப் டுப் டுப்! பிடிபட்டார் என்று செருப்பும் போடாமல் பாய்ந்தேன். கிணற்றடிக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து மூச்சிரைக்க இன்னொருவர் வந்து நின்றார். சிவசம்பு அண்ணை!

"நீர் இறைக்கேல்லையோ?"

"நீங்களும் இறைக்கேல்லையோ?"

கடல் பக்கம் அனலைதீவு மோட்டார் வள்ளம் போய்க்கொண்டிருந்தது.

ஓடி வந்த களைப்புக்கு ஒரு வாளி அள்ளி, ஆளுக்கொரு வாய் குடித்தோம். முன்னைவிட உவர்ப்புக் குறைந்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்துவிட்டது.

"இன்னும் உவர்தான்" என்றார் அவசரமாக.

"சரியான உவர், அண்ணை" என்றேன் நான்.

ஒரு கிணற்றைக் காப்பாற்றக் கதாநாயகன் எதற்கு — ஒருவரையொருவர் நம்பாத இரண்டு பங்குக்காரர் போதாதா?