கரண்ட் வண்டியில் கரியப்பன்

ஓசூர் தொழிற்சாலை ஒன்றின் ஆட்களை ஷிப்டுக்கு ஏற்றி இறக்கும் கம்பெனி பஸ்ஸைக் கரியப்பன் இருபது வருஷத்துக்கு மேலாக ஓட்டிவருகிறார். அதற்கு முன்பு கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் லாரி. பெரிய வண்டிகளிலேயே காலம் போனதால் கார்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. கண்ணாடியில் திடீரென்று முளைத்து, ஹாரன் அடித்து, முந்திக்கொண்டு போகிற உபத்திரவங்கள் என்பார். வீட்டில் இருப்பது ஒரு மொபெட். அதில் அவர் பின்னால் உட்கார ராஜாத்திக்குக் கொஞ்சம் பயம். தெருமுனை வந்தால் மனுஷன் பஸ்ஸைத் திருப்புகிற மாதிரியே எதிர்ச்சாரி வரைக்கும் போய்த்தான் திருப்புவார்.

ராஜாத்தியின் தம்பி திம்மப்பன் பாகலூரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன். ஆவணியில் ஆசையாக ஒரு குட்டி கரண்ட் கார் வாங்கினான். ஐப்பசியில் கடை ஏணியிலிருந்து விழுந்து வலது காலை முறித்துக்கொண்டான். அந்தச் சமயம் பார்த்து ராயக்கோட்டையில் சித்தி வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது.

"மாமா, நீங்கதான் ஓட்டோணும்" என்று போன் செய்தான்.

விசேஷத்தன்று காலையில் ராஜாத்தியோடு பாகலூர் போய்ப் பார்த்தால், வாசலில் நின்றது ஒரு சோப்பு டப்பா. மொத்தமே ரெண்டு கதவு. கரியப்பன் அதைச் சுற்றி வந்தார். சுற்றி வர அதிக நேரம் ஆகவில்லை.

"இது முன்பாதி. மீதி எப்ப வருது?"

"முழு வண்டியே இவ்ளோதான் மாமா" என்றான் திம்மப்பன், கட்டுப்போட்ட காலை முன்சீட்டுக்குள் ஜாக்கிரதையாக நுழைத்தபடி. அவன் ஏறுவதற்கு முன்பே அந்த சீட்டை மடக்கி ராஜாத்தியைப் பின்னால் ஏற்றியாகிவிட்டது. அவள் உட்கார்ந்ததும் பின்சீட் நிறைந்துவிட்டது.

கரியப்பன் சாமியைக் கும்பிட்டுவிட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அழுத்தினார்.

"ஏன் மாமா ஆஃப் பண்றீங்க? மொதல்லயே ஸ்டார்ட் ஆயிருச்சு."

"சத்தமே இல்லியே."

"சத்தம் வராது. முன்னால எழுத்துல காட்டும், பாருங்க."

"வண்டி ஓடுதா இல்லியான்னு படிச்சுத் தெரிஞ்சுக்கறதா?" என்றார் கரியப்பன். எஞ்சின் முனகுவதைக் கேட்டு கியர் மாற்றிப் பழகியவருக்கு அது பெரிய அவமரியாதையாகப் பட்டது. கியரையும் காணோம். அந்த இடத்தில் வட்டமாக ஒரு குமிழ் இருந்தது.

"நம்ம மிக்ஸி மாதிரிதான் இருக்குது. திருப்புங்க" என்று பின்னாலிருந்து சொன்னாள் ராஜாத்தி.

பட்டனை இன்னொரு தடவை அழுத்திவிட்டுத் திருப்பினார். வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது. ஓசூரைத் தாண்டுவதற்குள் அவருடைய இடது கை மூன்று தடவை இல்லாத கியரைத் தேடிப் போய்த் திம்மப்பனின் முட்டியைப் பிடித்தது. அவன் வலியை அடக்கிக்கொண்டு காலைக் கதவோரம் ஒதுக்கினான். இண்டிகேட்டர் போடலாம் என்று வலது பக்கக் குச்சியைத் தட்டினால், நல்ல வெயிலில் வைப்பர் கண்ணாடியைத் துடைத்தது. எதிரே வந்த டெம்போக்காரன் வானத்தை அண்ணாந்து பார்த்தான்.

"இண்டிகேட்டர் இடது பக்கம் மாமா."

"அதை எவன் அங்க வெச்சான்?"

அதைவிட அவரை வாட்டியது சீட்டின் உயரம்தான். இத்தனை வருஷமும் ஊரை மேலேயிருந்தே பார்த்தவர். இப்போது பக்கத்தில் வந்த லாரியின் சக்கரத்து நட்டுகள் அவர் கண்ணுக்கு நேராகச் சுழன்றன. லாரி டிரைவரைப் பார்க்க வேண்டுமானால் கழுத்தை ஒடித்துக்கொள்ள வேண்டும். ஒரு மரியாதைக்குக் கை காட்டினார். அந்த ஆளுக்கு இப்படி ஒரு வண்டி கீழே வருவதே தெரியவில்லை.

உத்தனப்பள்ளி வரை குறை சொல்லிக்கொண்டே வந்தார். அங்கே கடைவீதியில் ஒரு தக்காளி வண்டிக்கும் நின்றிருந்த ஆட்டோவுக்கும் நடுவில் இருந்த சந்தில் கார் பாட்டுக்கு நுழைந்து வெளியே வந்தது. கரியப்பன் கண்ணாடியில் அந்த இடைவெளியை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"என்னாங்க, சத்தத்தக் காணோம்" என்றாள் ராஜாத்தி.

"ரோட்டப் பாத்து ஓட்டறேன்."

ராயக்கோட்டையில் ரெண்டு பைக்குகளுக்கு நடுவில் நிறுத்தினார். சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். எவ்வளவு தூரம் ஓடும், எப்படிச் சார்ஜ் போடுவது என்று கேள்வி மேல் கேள்வி. திம்மப்பன் வாயைத் திறப்பதற்குள் கரியப்பன் முந்திக்கொண்டார். "கியரே தேவையில்லீங்க. டவுனுக்குள்ள எடம்னு ஒரு பிரச்சினையே கெடையாது" என்று, தாமே உட்கார்ந்து வரைபடம் போட்ட மாதிரி விளக்கினார். திம்மப்பன் அக்காவைப் பார்த்தான். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாப்பிட்டுக் கிளம்பும்போது சித்தி ஒரு பை நிறையத் தக்காளி கொடுத்தாள். டிக்கியைத் திறந்தால் அதில் நாலு தேங்காய்க்குத்தான் இடம். பை ராஜாத்தியின் மடிக்குப் போனது.

சாயங்காலம் உத்தனப்பள்ளியைத் தாண்டிச் சானமாவுக் காட்டுக்குள் நுழைந்தபோது முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. வனத்துறை ஆள் ஒருவர் நடந்து வந்தார். "ஆனக் கூட்டம் ரோட்டோரமா நிக்குது. இப்போதைக்கு நகராது. யாரும் ஹாரன் அடிக்காம, சத்தமில்லாம திரும்பிப் போயி கெலமங்கலம் வழியா போங்க."

திரும்புவது என்றால் லேசா? குறுகலான ரோடு, ரெண்டு பக்கமும் பள்ளம். லாரிகள் முன்னும் பின்னுமாக அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. பக்கத்தில் நின்றது கரியப்பனின் கம்பெனி பஸ்ஸேதான். அன்றைக்கு அதை ஓட்டியவர் அவருடைய கூட்டாளி சென்னப்பன். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கீழே தேடிப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்தார்.

"யாரு, கரியப்பனா? என்னாய்யா, தரையில உக்காந்து வர்ற?"

கரியப்பன் பழக்கதோஷத்தில் பள்ளத்தின் ஓரம் வரை பார்வையை ஓட்டி, நாலு தடவை முன்னே பின்னே போக வேண்டும் என்று மனக்கணக்குப் போட்டு, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தார். வண்டி ஒரே வீச்சில் திரும்பி, வந்த திசையைப் பார்த்து நின்றது. ஒரு சின்ன முணுமுணுப்புக்கூட இல்லை. காட்டுக்குள் நின்ற யானைகளுக்கும் கேட்டிருக்காது.

அவருக்கே நம்ப முடியவில்லை. கண்ணாடியில் பார்த்தார். பஸ் குறுக்கே நின்று, டீசல் புகையைக் கக்கி, பின்னால் போகவா முன்னால் போகவா என்று உறுமிக்கொண்டிருந்தது. சென்னப்பனின் முகம் வியர்த்திருந்தது.

"மெதுவா வா சென்னப்பா. நாங்க போயி டீ சொல்லி வெக்கிறோம்" என்றார் கரியப்பன்.

சொன்ன பிறகுதான், தாம் கேலி செய்தது தம்முடைய பஸ்ஸையே என்று உறைத்தது. கொஞ்சம் குற்ற உணர்ச்சி வந்தது. ஆனால் உத்தனப்பள்ளி டீக்கடைக்கு வருவதற்குள் போய்விட்டது.

திம்மப்பனுக்குக் கட்டுப் பிரிக்க இன்னும் ஒரு மாதம் ஆனது. அது வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கரியப்பன் பாகலூர் போனார். ஓட்டாமல் விட்டால் பேட்டரி கெட்டுவிடும் என்று யாரோ சொன்னார்களாம். யார் என்று ராஜாத்தி கேட்டுப் பார்த்தாள். பெயர் வரவில்லை.

ஒருநாள் ஷிப்டு முடிந்து டிரைவர்கள் எல்லாம் டீக்கடையில் நின்றிருந்தபோது கரியப்பன் விளக்கிக்கொண்டிருந்தார். "கண்ணாடி பெருசு பாரு, ரோடு மொத்தமும் தெரியும். நம்ம வண்டியில எந்த மறைப்பும் கெடையாது."

"எது, நம்ம பஸ்ஸுலயா?" என்றார் சென்னப்பன்.

"பஸ்ஸ யாரு சொன்னா? கார்ல."

"அது எப்பய்யா உன் வண்டி ஆச்சு?"

கரியப்பன் டீயை ஒரு வாய் குடித்தார். சர்க்கரை கம்மி என்று கடைக்காரரிடம் குறைபட்டுக்கொண்டார்.