எத்தெல்வினாவின் ஒரே ஆங்கிலச் சொல்

முயிஸ்னே என்ற கடலோர ஊரின் அலையாத்திக் காட்டில் எத்தெல்வினாவைப் போலச் சிப்பி பொறுக்க ஆள் கிடையாது. கொசுவை விரட்ட வாயில் சுருட்டு, தோள்வரை சேற்றுக்குள் கை. விரல் பட்டதுமே கறுப்புச் சிப்பியா கல்லா என்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்குப் பெற்ற மகனோடு பேச ஒரு வார்த்தை இல்லை என்றால், என்ன பிழைப்பு இது!

புருஷன் கடலோடு போனபின், மூன்று வயது மகன் வில்மரை அக்கா பெத்சபே வளர்க்கிறேன் என்று நியூஜெர்சிக்குக் கூட்டிப் போனாள். இப்போது அவனுக்கு இருபது. ஆங்கிலம் மட்டும்தான் வரும். முதல் முறையாக ஊருக்கு வருகிறான் என்றதும் எத்தெல்வினா பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.

"டீச்சர், சிப்பிக்கு இங்கிலீஷ்ல என்ன?"

"ஷெல்."

"நம்ம கறுப்புச் சிப்பிக்கு?"

"அதையும் ஷெல்னு சொல்லலாம். சங்கு, கிளிஞ்சல் எல்லாத்துக்கும்தான்."

"அடேயப்பா, இத்தனைக்கும் ஒரே பேரா? சோம்பேறிப் பசங்க!" என்று சிரித்தாள். சேற்றில் குனிந்தபடியே அதைச் சொல்லிச் சொல்லிப் பழகினாள்.

பெத்சபேயோடு வந்தான். நல்ல உயரம். கை கொடுத்தான், கட்டிக்கொள்ளவில்லை. சிப்பியைத் திறந்து, பச்சையாகவே எலுமிச்சை பிழிந்து நீட்டினாள். கறுத்த சாற்றைப் பார்த்து முகம் சுளித்தான். பெத்சபேயை அவன் 'மம்மி' என்று கூப்பிடும்போதெல்லாம் இவளுக்கு வயிறு எரிந்தது. பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்?

கிளம்பும் அன்று கூடையிலிருந்து மூடிய சிப்பி ஒன்றை எடுத்து, "ஷெல்," என்றாள்.

அவன் முகம் மலர்ந்தது. "ஷெல்!" என்று திருப்பிச் சொல்லி, அதை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தான். ஐயோ, வெறும் ஓடு என்று நினைத்துவிட்டான்! அதற்கு உயிர் இருக்கிறதே, செத்தால் நாறுமே! படகுக்காரனோடு பேசிக்கொண்டிருந்த அக்காவிடம் சொன்னால் போதும். ஆனால் சொன்னால் திருப்பிக் கொடுத்துவிடுவான். எத்தெல்வினா வாயை மூடிக்கொண்டாள்.

மறுவாரம் அக்கா போன் செய்தாள். "என்னடி குடுத்துவிட்ட? பை பூரா நாத்தம். துணியோட குப்பையில போட்டுட்டான். காலி ஓட்டைக் குடுத்திருக்கக் கூடாதா?"

"நான் குடுத்ததுல அவன் ஆசையா வாங்கினது அது ஒண்ணுதான்கா."

"உசிரோட இருக்குன்னு எங்கிட்டயாச்சும் சொல்லக் கூடாதா? பக்கத்துலதான இருந்தேன்?"



"உசிரு இருக்குறவரைக்கும் அதுவாச்சும் அவன்கூடப் போகட்டும்னு விட்டுட்டேன்கா," என்றாள். "என்னைத்தான் அவன் கூப்பிடலையே."