சட்டைப் பையில் மாத்திரை அட்டை

ஒரே ஊரில் நிலைத்து வேலை பார்த்தவன் அல்ல நான். ஊத்துக்கோட்டையில் லாரிக்கு லோடு ஏற்றும்போது நெஞ்சு வலித்தது. ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று டாக்டர் தினமும் ஒரு மாத்திரை போடச் சொன்னார். அடுத்து கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைக்கு ஒப்பந்த வேலைக்குப் போனேன்.

"மாத்திர துன்றேன்னு டாக்டராண்ட உளறி வைக்காத நைனா, ஆலை கேட்டாண்டயே திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார் ஆள் சேர்க்கும் மேஸ்திரி. அதனால் ஆலை டாக்டர் கேட்டபோது எந்த மருந்தும் சாப்பிடவில்லை என்றேன். ரத்தம் பார்த்துவிட்டு அவரும் கொழுப்புக்கு வேறொரு மாத்திரை கொடுத்தார். இரண்டையும் போட்டால் சீக்கிரம் குறையும் என்று இரண்டையும் விழுங்கினேன்.

சில வாரங்களில் தொடையும் தோளும் அடித்துப் போட்டதுபோல் வலித்தன.

"இரும்பு தூக்குனா வலிக்காம குளுகுளுன்னா இருக்கும்?" என்று சிரித்தான் கூட வேலை செய்த ஏழுமலை. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனதும் அவனே பயந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

"ரெண்டையும் சேர்த்துக் குடுக்கறது உண்டுதான். ஆனா டாக்டருக்குத் தெரிஞ்சு, ரத்தம் பார்த்துப் பார்த்துக் குடுக்கணும். உன் சதை கரைஞ்சு கிட்னியைக் கெடுக்குதுப்பா" என்றார் அங்கிருந்த டாக்டர், என் சட்டைப் பையிலிருந்த இரண்டு மாத்திரை அட்டைகளையும் பார்த்துவிட்டு.

கிட்னி பிழைத்தது, மாத்திரையை மறைத்ததற்காக ஆலை வேலை போய்விட்டது. மேஸ்திரி, "நான் எப்போ அப்டி சொன்னேன்?" என்றார். கால்களுக்குப் பழைய பலம் வரவில்லை. இப்போது வேப்பம்பட்டில் வாட்ச்மேன் வேலை.

எந்த டாக்டரிடம் போனாலும், வாயைத் திறக்குமுன் சட்டைப் பையிலிருக்கும் மாத்திரை அட்டைகளை மேசைமேல் வைத்துவிடுகிறேன். வேலை கேட்டுப் போகும் இடத்திலும் மறைப்பதில்லை. அட்டையைப் பார்த்ததுமே வேண்டாம் என்று அனுப்பியவர்கள் உண்டு.