வீடு பார்க்க வருகிறவர்கள்

எங்கள் தெருவுக்கு வீடு பார்க்க யார் வந்தாலும் எனக்குக் கால் வீட்டுக்குள் நிற்காது. காலையில் முருகனுக்கு விளக்கேற்றிக் கும்பிட்டு, வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பிவிட்டேன் என்றால் பிறகு கேட்டருகில்தான் இருப்பேன். கீரை ஆய்வதோ பூ தொடுப்பதோ, கைக்கு ஏதாவது வேலை இருக்கும். கண் மட்டும் தெருவில் இருக்கும்.

நாங்கள் இருப்பது முடிச்சூரில் ஒரு சின்னத் தெரு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு பல வருஷம் இந்தப் பக்கம் வீடு பார்க்க ஒருவரும் வந்ததில்லை. போன் செய்தவர்கள்கூட, "முடிச்சூரா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். விற்பனைக்கு என்று கேட்டில் கட்டிய தகரப் பலகைகள் துருப்பிடித்து, எழுத்தும் போய், வெறும் தகரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

இப்போது அப்படி இல்லை. தெருவுக்குப் பின்னால் கருவேல முள் மண்டிக் கிடந்த காட்டைச் சுத்தம் செய்து, மனை பிரித்து, வெள்ளைக் கல் நட்டு, கலர் கலராகக் கொடி கட்டிவிட்டார்கள். வாசலில் பெரிய ஆர்ச். ஞாயிற்றுக்கிழமை வேனில் ஆட்களைக் கூட்டிவந்து சாப்பாடும் போடுகிறார்கள். என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஒருநாள் நானும் போனேன். டை கட்டிய ஒருவர் என் கையில் மோர் டம்ளரைக் கொடுத்து, "எந்த ஃபேஸிங் பாக்கறீங்க மேடம்?" என்றார். நான் பின்தெரு என்றேன். "பரவால்ல, சொந்தக்காரங்களுக்குச் சொல்லுங்க," என்று சாம்பார் சாதமும் கொடுத்தார். மறுக்க மனம் வரவில்லை.

அங்கே பார்த்த ஒரு காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. வெறும் மண் மனையில் புருஷன் நின்றுகொண்டு, "இது ஹால், அது கிச்சன்," என்று கை காட்டினான். பெண்சாதி கிச்சனைப் பார்க்கப் போனாள். நேராகப் போகவில்லை. சுற்றிக்கொண்டு, அவன் வாசற்படி என்று காட்டிய இடத்தின் வழியாகப் போனாள். இல்லாத சுவரை மிதிக்க அவளுக்கு மனசில்லை. நல்லா இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மனை வாங்கிக் கட்ட முடியாதவர்கள், கட்டின வீடாகவே வேண்டும் என்கிறவர்கள் எங்கள் தெருவுக்குள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைப் பார்ப்பார்கள். ஒருவர் போனை நீட்டித் திசை பார்ப்பார். இன்னொருவர் மூலைக்கு மூலை நின்று டவர் கிடைக்கிறதா என்று பார்ப்பார். ஒரு பெரியவர் குழாய்த் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து, ஒரு வாய் சுவைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தீர்த்தம் வாங்குகிற மாதிரி இருந்தது. உப்பு என்று தெரிந்ததும் துப்பிவிட்டார்.

ஆனால் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். அதையும் விற்கிறவரிடம் கேட்கமாட்டார்கள். புரோக்கர் அந்தப் பக்கம் திரும்பியதும், பக்கத்து வீட்டில் வந்து மெதுவாகக் கேட்பார்கள். "வெள்ளத்துல இங்க தண்ணி எவ்ளோ வந்துச்சு?"

பக்கத்து வீட்டு அக்கா வீட்டை விற்கப் போவதாகச் சொன்னதும் நான் பயந்தது அதனால்தான். அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீடு என்னுடையதுதானே.

அக்காவுக்கு வீட்டுக்காரர் தவறிவிட்டார். ஒரே மகள். சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, நாவலூரில் சின்னதாக ஒரு வாடகை ஃப்ளாட். குழந்தை பிறந்து லீவில் இருக்கிறாள், லீவு முடியப் போகிறது. அக்கா வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டால்தான் அவள் வேலைக்குப் போக முடியும். வீட்டை விற்று அங்கேயே ஒரு அறை கூடுதலாக உள்ள ஃப்ளாட்டாக வாங்கிச் சேர்ந்து இருப்பது என்று முடிவு. வீடு விற்காவிட்டால் மகள் வேலையை விட வேண்டியதுதான்.

புரோக்கர் அண்ணா இந்த ஊர்க்காரர். பின்னால் மனை போட்ட நிலத்தில் அவர்கள் வீட்டில்தான் முன்பு நெல் போட்டார்கள். வந்ததும் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"வெளிச் செவுத்துல கறை தெர்து பாரு, பெயிண்ட் அட்ச்சுடு. ஹால்ல டைல்ஸ் ஒட்டிடு. தண்ணி வந்துச்சான்னு கேட்டா, தெருவுல நின்னுச்சு, உள்ள லைட்டா எட்டிப் பாத்துச்சுன்னு சொல்லிக்கோ." பிறகு என் பக்கம் திரும்பினார். "உன்னாண்டயும் வருவாங்கக்கா."

"நான் பொய் சொல்லமாட்டேன்ணா."

"பொய் சொல்லச் சொன்னனா? கதவ சாத்திகினு உள்ள இரு."

அவர் போனதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ ஒண்ணும் சொல்லிடாதடி. குழந்தைக்கு இன்னும் தலையே நிக்கல. யார்கிட்ட விட்டுட்டு அவ போவா?"

அன்று முருகனிடம் ஒன்றே ஒன்றுதான் வேண்டிக்கொண்டேன். என்னை யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் வாய் உண்மையைச் சொல்லிவிடும், வீடு விலைபோகாமல் நின்றுபோகும். கேட்காமல் பார்த்துக்கொள், உனக்குப் பால் அபிஷேகம் பண்ணுகிறேன் என்றேன்.

பெயிண்ட் அடித்தார்கள், டைல்ஸ் ஒட்டினார்கள். வீடு கல்யாணப் பெண் மாதிரி ஆனது. வெள்ளம் வந்த அடையாளம் துளியும் இல்லை. அப்படித்தான் நினைத்தோம்.

குரோம்பேட்டையில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பத்தைப் புரோக்கர் அண்ணா கூட்டிவந்தார். மகன், மருமகள், மாமியார். தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று அக்கா என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். மகன் சுவரைத் தட்டிப் பார்த்தார். மருமகள் அலமாரியைத் திறந்து பார்த்தாள். அந்த மாமியார் அம்மா மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், "மொதல்ல சாமியக் கும்பிட்டுக்கறேன். எங்க வச்சிருக்கீங்க?" என்றார்.

அக்கா கையை மேலே காட்டினார்.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். பரணுக்குக் கீழே, தலைக்கும் மேலே, பலகையில் பெருமாள் இருந்தார், அம்மன் இருந்தாள், அக்கா வீட்டுக்காரர் போட்டோவும் மாலையோடு இருந்தது. கீழே ஒரு ஸ்டூல். எனக்கு அப்போதுதான் சுரீர் என்றது. வெள்ளம் வடிந்த பிறகு ஒரே ஆசாரிதான் தெரு முழுக்கச் சாமிப் பலகை அடித்துக் கொடுத்தார். எல்லா வீட்டிலும் அதே உயரம். இத்தனை வருஷமாக ஸ்டூல் போட்டு ஏறி விளக்கேற்றி, அது எங்களுக்குச் சாதாரணமாகிவிட்டது. அதை மறைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஏம்மா, இவ்ளோ ஒசரத்துலயா?" என்றார் அந்த அம்மா.

புரோக்கர் அண்ணா குறுக்கே வந்தார். "வாஸ்துப்படி சாமி மேல தாம்மா இருக்கணும்."

"எந்த ஊரு வாஸ்துப்பா அது? முட்டிவலின்னு இப்பதான் சொன்னாங்க. தினமும் ஏறி எறங்கறாங்களா?"

"பழகிடுச்சும்மா," என்றார் அக்கா.

அந்த அம்மா இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க பக்கத்து வீடா? ஒரு வாய் தண்ணி கெடைக்குமா?" என்றார். அவர் கையிலேயே தண்ணீர் பாட்டில் இருந்தது.

எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் பார்த்தது மேலேதான். என் முருகனும் பரணுக்குக் கீழேதான் நிற்கிறார். கீழே என் ஸ்டூல், பச்சை பிளாஸ்டிக்.

"உங்க வீட்லயுமா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். "சொல்லும்மா. எவ்ளோ வந்துச்சு?"

முருகன் முகத்தைப் பார்த்தேன். நான் வேண்டிக்கொண்டதை அவர் காதில் வாங்கவே இல்லை போலிருந்தது.

"நெஞ்சு வரைக்கும் வந்துச்சும்மா," என்றேன். "எல்லா வீட்லயும்தான். நாங்க மொட்ட மாடில இருந்தோம். கீழ எறங்கி வந்து பாத்தா சாமி படமெல்லாம் குப்புற மெதந்துக்கிட்டு இருந்துச்சு. அத எடுத்துத் தொடைக்கும்போது அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். அதான் எல்லாரும் மேல வச்சுட்டோம்."

அவர் தண்ணீரை முழுக்கக் குடித்தார். டம்ளரை வாசல் திண்டில் வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் அவர்கள் கார் கிளம்பிவிட்டது.

"இன்னாக்கா நீ, பேஜார் பண்ட்டியே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் புரோக்கர் அண்ணா. "கதவ சாத்திகினு இருன்னு தானே சொன்னேன்."

அக்கா கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. கத்தவில்லை. "உனக்கென்னடி, உன் பொண்ணு ரெண்டு தெரு தள்ளி இருக்கா. நீ உண்மை பேசலாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அக்கா என்னோடு பேசவில்லை. கிருத்திகைக்குச் செய்த பொங்கலைக் கொண்டுபோனேன், கதவு திறக்கவில்லை. நாவலூருக்குப் போனில் பேசுவது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். "பாக்கலாம்மா, பாக்கலாம்மா" என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்வார். நான் செய்தது சரியா என்று முருகனைக் கேட்டேன். சரி என்றும் தோன்றியது, அந்தக் குழந்தையை நினைத்தால் சரியில்லை என்றும் தோன்றியது. எத்தனை கும்பிட்டும் அது தெளியவில்லை.

அடுத்த வாரமே அதே கார் திரும்பி வந்தது. மகனும் அந்த அம்மாவும், கூடவே புதிதாக ஒருவர். அவர் கையில் மட்டம் பார்க்கிற நீளமான ட்யூப், உள்ளே தண்ணீர். வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிற கான்ட்ராக்டராம். நேராக என் வீட்டுக்கு வந்தார்கள்.

"எவ்ளோன்னு கரெக்டா காட்டுங்கக்கா," என்றார் கான்ட்ராக்டர்.

நான் நெஞ்சில் கை வைத்தேன். "இங்க."

"உங்க நெஞ்சா, வீட்டுக்கார அண்ணன் நெஞ்சா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் நெஞ்சுதான் என்றேன். என்னைச் சுவரோரம் நிற்க வைத்து, கை வைத்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். அங்கே ட்யூபின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை அக்கா வீட்டுக்கு இழுத்துப் போனார்கள். அக்கா வாசலுக்கு வந்து, என்ன நடக்கிறது என்று புரியாமல் நின்றார்.

"இந்தப் பக்கம் எத்தனையோ வீடு பாத்துட்டோம்மா," என்று அந்த அம்மா அக்காவிடம் சொன்னார். "கேட்டா ஒருத்தர் வீட்லயும் தண்ணியே வரலயாம். அப்ப அவ்ளோ தண்ணியும் எங்கதான் போச்சு? வந்தது எவ்ளோன்னு தெரிஞ்சாத்தானே எவ்ளோ தூக்கணும்னு தெரியும்? தூக்கற செலவுக்காக நீங்க வெலையில கொஞ்சம் விட்டுக் குடுங்க. நாங்க எடுத்துக்கறோம்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் ட்யூபைப் பார்த்துக்கொண்டேன்.

விலை பேசி முடித்து, பத்திரமும் பதிந்தது. நாவலூருக்குக் கிளம்புவதற்கு முதல்நாள் அக்கா வந்து, கோபத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "வாடி, சாமியெல்லாம் எறக்கணும், என்னால ஏற முடியல," என்றார். நான் ஏறி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கி முந்தானையால் துடைத்து வைத்தார். பெருமாளை மட்டும் இரண்டு தடவை துடைத்தார்.

வீடு தூக்கும் வேலை தொடங்கியதும் நான் வேறு வேலையே பார்க்கவில்லை. சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கி. ஒருவர் விசில் அடித்ததும் எல்லோரும் சேர்ந்து ஒரே அளவு திருப்புவார்கள். கண் கொட்டாமல் பார்த்தாலும் வீடு ஏறுவது தெரியாது. சாயங்காலம் பார்த்தால் வாசற்படி தரையை விட்டு எழும்பி நிற்கும், அடியில் கை விடலாம். இத்தனை பெரிய வீடு, ஒரு விரிசல் இல்லை. எனக்கு அது கோயில் தேர் நிலையிலிருந்து கிளம்புகிற நேரம் மாதிரி இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

அக்கா வீடியோ காலில் வந்தார். மடியில் குழந்தை. மகள் வேலைக்குப் போயிருக்கிறாள்.

"என் வீட்டக் காட்டுடி. மெதுவா காட்டு. ஐயோ, மேல போய்டுச்சே! விழுந்துடாதே?"

"விழாதுக்கா. அவங்க வீடு இப்ப அது."

"ஆமா ஆமா," என்றார். குழந்தை போனைப் பிடித்து இழுத்தது. முகம் மறைந்து, திரும்ப வந்தது. "சரி, போனைத் திருப்பு. உன் வீட்டக் காட்டு." காட்டினேன். "ஏண்டி, அது மேல போனா, அடுத்த தடவ மழைத்தண்ணி எல்லாம் உன் வீட்டுக்குள்ள தானே வரும்?"

எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. போனைக் கையில் பிடித்தபடியே காம்பவுண்டுக்குப் போய், ஜாக்கி திருப்பிக்கொண்டிருந்த கான்ட்ராக்டரிடம், "தம்பி, எங்க வீட்டையும் தூக்கறதுன்னா எத்தன நாளாகும்?" என்று கேட்டேன்.

"அண்ணனக் கேட்டீங்களாக்கா?" என்றார் அவர். போனுக்குள்ளிருந்து அக்கா, "அவரையெல்லாம் கேக்காத, அப்புறம் நடக்காது," என்று கத்தினார்.